கையில் ஐயாயிரம் ரூபாய்: சேலத்தில் புதுத் தொழில் தொடங்குவோர் விளம்பரத்தில் செய்யும் தவறுகள்

ஏற்காட்டுக் கொட்டையை வாங்கி, வறுத்து அரைத்து, அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டிலிருந்து காபித்தூள் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிறது. அந்தப் பணம் எங்கே கரைகிறது என்று தேடினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: வந்த வாடிக்கையாளர் எந்த வழியாக வந்தார், திரும்ப வாங்கினாரா என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

முதல் தவறு நோட்டீஸ். நிறைய அடித்தால் ஒன்றின் விலை குறைகிறது என்று ஐயாயிரம் அடித்து, அம்மாப்பேட்டை முதல் சூரமங்கலம் வரை பேப்பருக்குள் வைத்துவிடுகிறார்கள். பத்து ஆர்டர் வருகிறது. எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று தெரியாது. ஐநூறு மட்டும் அடியுங்கள். மூன்று ஏரியாவுக்கு மூன்று சொல் போடுங்கள்: ஃபேர்லேண்ட்ஸ் நோட்டீஸில் ‘மல்லி’, அழகாபுரத்துக்கு ‘மிளகு’, கன்னங்குறிச்சிக்கு ‘மாம்பழம்’. சொல்லைச் சொல்பவருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. ஆர்டர் நோட்டில் அந்தச் சொல்லுக்கென்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

இப்போது கணக்கு போடலாம். அச்சுக்கும் பேப்பர் ஏஜெண்ட்டுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் செலவு, 9 பேர் வாங்கினார்கள் என்றால், ஒருவரைக் கொண்டுவர 167 ரூபாய். தள்ளுபடியையும் சேர்த்தால் 187. கால் கிலோ பாக்கெட்டில் எல்லாச் செலவும் போக 60 ரூபாய் நிற்கிறது என்றால், அவர் நான்காவது பாக்கெட் வாங்கும்போதுதான் போட்ட காசு திரும்பும். ‘9 ஆர்டர் வந்தது, நோட்டீஸ் வேலை செய்கிறது’ என்று அடுத்த மாதம் மூவாயிரம் அடிப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான். ஆடியில் குகை ஏரியாவில், சாமி வேடமிட்டவர்கள் வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கைக் கூட்டத்தில் நோட்டீஸ் கொடுப்பதும் அப்படித்தான். கை நீட்டி வாங்குவார்கள், அடுத்த வண்டி வரும்போது காலடியில் கிடக்கும்.

நான்காவது பாக்கெட்டுக்கு அவரை எப்படிக் கொண்டுவருவது? நான்கு பேர் உள்ள வீட்டில் காலையும் மாலையும் ஃபில்டர் காபி போட்டால் கால் கிலோ தூள் இரண்டு வாரம் தாண்டுவது அரிது. ஆகவே வாங்கிய பத்தாம் நாள், ‘தூள் தீரும் நேரம், நாளை அந்தப் பக்கம் வருகிறோம், வைக்கட்டுமா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இதற்குச் செலவு இல்லை. எங்கள் பார்வையில் புது நிறுவனம் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள மார்க்கெட்டிங் இதுதான். பலர் இதைச் செய்வதே இல்லை. புது ஆள் தேடும் ஆர்வத்தில் ஏற்கெனவே வாங்கியவரை மறந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் இன்னொரு சிக்கல். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் இருநூறு பேருக்கு அனுப்பிவிட்டு ‘யாரும் பதில் சொல்லவில்லை’ என்று வருந்துவார்கள். முதல் பில் அனுப்பும்போதே உங்கள் காண்டாக்ட் கார்டையும் அனுப்பி, சேமிக்கச் சொல்லுங்கள். யாரிடமோ நம்பர் பட்டியலை விலைக்கு வாங்கி அனுப்புவதை மட்டும் செய்யவே வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் புகார் அழுத்தினால் கணக்கு முடங்கும், பாக்கெட்டில் அச்சடித்த நம்பரும் அதோடு போகும்.

பாக்கெட் என்றதும், அதுவே ஒரு விளம்பரப் பலகை என்பதைப் பலர் நினைப்பதில்லை. மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் ஒரு பாக்கெட் வாங்கிப் போகிறார். சென்னையில் அது தீர்ந்ததும் மறுபடி வாங்க ஆசைப்பட்டால், பாக்கெட்டில் வெறும் பெயரும் மலைப் படமும்தான் இருக்கும். அங்கே க்யூஆர் வேண்டும். ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறந்து, ‘ஏற்காடு பாக்கெட் பார்த்து வந்தேன்’ என்ற வரி தயாராக நிற்க வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இதில் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள். பளபளக்கும் வெள்ளிப் பையில் நேரடியாக அச்சடித்தால் வெளிச்சம் பட்டு ஸ்கேன் ஆகாது. பளபளப்பில்லாத வெள்ளை ஸ்டிக்கரில் குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் போடுங்கள். பை ஒட்டும் ஓரத்திலோ மடிப்பிலோ வந்தால் க்யூஆர் நெளிந்துவிடும். மூன்றாவதுதான் மோசம். சில இணையதளங்கள் இலவசம் என்று தரும் க்யூஆர், சோதனைக் காலம் முடிந்ததும் செத்துவிடும். அதற்குள் இரண்டாயிரம் ஸ்டிக்கர் அச்சாகியிருக்கும். வாட்ஸ்அப் இணைப்பை நேரடியாக வைத்து மாறாத க்யூஆராக உருவாக்குங்கள், அது காலாவதி ஆகாது.

சிக்கரி கலந்த தூளில் ‘நூறு சதவீதம் காபி’ என்று போடுவது விளம்பரத் தவறு மட்டுமல்ல, சட்டத் தவறும்கூட. கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் விகிதத்தையும் லேபிளில் அச்சிட வேண்டும். எண்பதுக்கு இருபது என்றால் அதையே பெரிதாகப் போடுங்கள். சேலத்து வீடுகளில் விகிதம் கேட்டுத்தான் தூள் வாங்குகிறார்கள்.

கூகுள் மேப் பதிவு இலவசம். அதில் பெயரோடு ‘சேலம் பெஸ்ட் காபி பவுடர் ஷாப்’ என்று வால் ஒட்டினால் பதிவு முடங்கும் ஆபத்து உண்டு. போர்டில் என்ன பெயரோ அதுவே இருக்கட்டும். வீட்டிலிருந்து டெலிவரி மட்டும் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டுங்கள். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று சொல்வது கூகுளின் விதிக்கு விரோதம்.

இவ்வளவும் நடக்க ஆரம்பித்த பிறகுதான் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரத்துக்குக் காசு. அங்கே வழக்கமான தவறு, சேலத்தில் புள்ளி வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போடுவது. ராசிபுரமும் தாரமங்கலமும் ஓமலூரும் உள்ளே வந்துவிடும், டெலிவரி பையனோ அஸ்தம்பட்டியைச் சுற்றியுள்ள ஏரியாக்களைத் தாண்ட மாட்டான். வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் வட்டம். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, ஆயிரம் ரூபாய் விளம்பரம் 1,180-இல் முடியும். இரவு பதினொரு மணிக்கு வரும் கேள்விக்குக் காலையில் பதில் சொன்னால் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும்.

ரீல்ஸ் போடுபவருக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் எத்தனை ஃபாலோயர் என்று கேட்காதீர்கள். அவர்கள் எந்த ஊர் என்று காட்டும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.

கடைசியாக, மக்களுக்கு நேரடியாக விற்காத தொழில். கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்குச் செயலி செய்கிறவர் இன்ஸ்டாவில் காசைக் கொட்டிப் பயனில்லை. வாங்கப்போகிறவர் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். நேரில் போங்கள், மாதிரிக் கணக்கைக் காட்டாதீர்கள். அவருடைய நேற்றைய நோட்டுப் பக்கத்தை வாங்கி, கொடுத்த வெள்ளி, டச்சு (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி எல்லாவற்றையும் அவர் கண்முன்னே ஏற்றிக் காட்டுங்கள். 30 நாள் இலவசம் என்றால், 31-ஆம் நாள் என்ன விலை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். விலை சொல்லாமல் கொடுத்த செயலிக்குப் பிறகு காசு கேட்டால், பட்டறைக்காரர் நோட்டுக்கே திரும்பிப் போய்விடுவார்.