பெரிய ராம்ப்ல ஸ்கேட்போர்டு: முதல்ல விழப் பழகுங்க

நம்ம சேலத்துல ரோட்லயும் மைதானத்துலயும் போர்டு ஓட்டிப் பழகின பசங்க, பெங்களூர் போய் ராம்ப (ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல ஏறற சரிவு) பாத்ததும் நேரா உச்சியில ஏறி நின்னுடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. மினி ராம்ப்னா 3-ல இருந்து 6 அடி, வெர்ட் ராம்ப்னா 11 அடிக்கு மேல, உச்சியில சுவர் மாதிரி செங்குத்தாவே நிக்கும், அந்த உயரத்துக்கு கீழ இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா போகணும்.

பைக் ஹெல்மெட் வேணாம்ங்க, கழுத்துக்குக் கனம், பக்கத்துல வர்ற ஆளும் தெரியாது. ஸ்கேட் ஹெல்மெட்டே வாங்குங்க, புருவத்துக்கு ரெண்டு விரல் மேல உக்காரணும், தலைய ஆட்டினா நகரக்கூடாது. பலமா அடி வாங்கிட்டா வெளிய கீறல் இல்லன்னாலும் மாத்திடுங்க, உள்ள நுரை நசுங்கியிருக்கும். முட்டிக்கு மாட்டற பேட் (knee pad) முன்னாடி கெட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கறதா பாத்து வாங்கணும், துணி பேட் வழுக்காது. போர்டு 8.25 இல்ல 8.5 இன்ச் அகலம், வீல் 56 மில்லிமீட்டருக்கு மேல கெட்டியானது, அவ்ளோதான்.

இப்ப விழற பழக்கம். இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், இத தாண்டிப் போகாதீங்க. போர்டை ஓரமா வச்சிட்டு, பேட் மட்டும் மாட்டி, ராம்ப்ல பாதி உயரம் ஓடி ஏறுங்க, கீழ் பக்கமா திரும்பி ரெண்டு முட்டியையும் ஒண்ணா வைங்க, இடுப்ப கொஞ்சம் குதிகால் பக்கம் சாய்ச்சு, கைய நெஞ்சுக்கு நேரா தூக்கியே வச்சிக்கணும். சர்ர்ர்னு வழுக்கிட்டு கீழ வந்து நிப்பீங்க. கைய ஊணினா மணிக்கட்டு போயிடும். யோசிக்காமலே உடம்பு இத செய்யற வரைக்கும் போர்டத் தொட வேணாம்.

அடுத்து பம்ப். ஊஞ்சல் ஆடறப்ப வேகம் கூட்டுவோம்ல, அதேதான். தரையில குனிஞ்சு வாங்க, வளைவு ஆரம்பிக்கற இடத்துல கால நீட்டி எழுந்திருங்க, உச்சியில மறுபடி முட்டிய மடக்குங்க, திரும்பாம பின்னாடியே இறங்குங்க (இதுக்குப் பேர் ஃபேக்கி). ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சாண் மேல போவீங்க. அப்புறம் கிக்டர்ன், வேகம் தீர்ற நொடியில முதல்ல தலையும் தோளும் திரும்பணும், டெயில்ல (போர்டோட பின் முனை) லேசா அழுத்தி முன் வீல தூக்கினா போர்டு தானா உங்க கூடவே திரும்பும்.

இதெல்லாம் வந்தப்புறம் 3 அடியில ட்ராப் இன், அதாவது உச்சியில இருந்து போர்டோட உள்ள இறங்கறது. டெயில கோப்பிங் (ராம்ப் உச்சி விளிம்புல இருக்கற குழாய்) மேல வச்சு, பின் வீல் ரெண்டும் கோப்பிங்கத் தாண்டி உள்பக்கம் தொங்கணும், பின்கால் டெயில்ல. முன்கால முன் போல்ட் (முன் வீல போர்டோட சேக்கற திருகு) மேல வச்சு, முட்டி மடக்கி, முன் வீல சரிவுல ஓங்கி மிதிங்க, நெஞ்சும் கூடவே முன்னாடி போகணும். பயத்துல பின்னாடி சாஞ்சா போர்டு முன்னாடி ஓடிடும், பின்மண்டை தரையில படும். பாதி மனசோட மிதிக்கறதுதான் ஆபத்து, மனசு வரலைன்னா இறங்கி வந்துடுங்க, நாளைக்கும் ராம்ப் அங்கதான் இருக்கும். ஆரம்பத்துல ஒருத்தர் எதிர்ல நின்னு ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டா நல்லது.

ராம்ப்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். போர்டு கைய விட்டுப் போச்சுன்னா சத்தமா கத்துங்க. மழை பேஞ்ச ஈரத்துல ஏறாதீங்க, மணல் இருந்தா பெருக்கிடுங்க.

இன்னொண்ணு, சரிவு பழகறேன்னு அடிவாரத்துல பஸ் ஏறி ஏற்காடு ரோட்ல போர்டோட இறங்கிடாதீங்க கண்ணு. 20 கொண்டை ஊசி வளைவு, எதிர்ல பஸ்ஸும் லாரியும் வருது, ராம்ப்ல மாதிரி வேகம் தானா குறையற இடமே அங்க இல்ல. ஊர்ல பம்புக்கும் கிக்டர்னுக்கும் கால் பழக, வண்டி வராத சிமெண்ட் தரையும் சின்ன சரிவும் போதும், சித்திரை வெயில்ல மட்டும் காலையில 8 மணிக்குள்ள முடிச்சிடுங்க.

3 அடியில இருந்து 4, அப்புறம் 6. ஒவ்வொரு உயரத்துலயும் மறுபடி முட்டியில வழுக்கறதுல இருந்தே ஆரம்பிங்க.