கார்டு மாற்றியும் நொவிகிராட் திக்குகிறதா? கேமிங் கணினியை மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தி விட்சர் 3 என்ற கணினி ஆட்டத்தை விளையாடியவர்களுக்கு நொவிகிராட் நகரம் மறக்காது. வயல்வெளியில் குதிரை ஓட்டும்போது வழுக்கிக்கொண்டு போகும் ஆட்டம், கோட்டைவாசலைத் தாண்டி ஹைரார்க் சதுக்கத்துக்குள் நுழைந்ததும் திக்கத் தொடங்கும். சில வருடங்களுக்கு முன் என் கணினியிலும் இதுதான் நடந்தது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. கார்டுதான் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, பல மாதம் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டேன். காட்டில் படம் இன்னும் அழகானது. சதுக்கத்தில் அதே திக்கல்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நண்பர்களின் கணினிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: எது தடுக்கிறது என்று பார்க்காமலே கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிடுகிறார்கள்.

திறந்த உலக ஆர்பிஜி (பாத்திரமேற்று விளையாடும்) ஆட்டங்களின் தன்மையே வேறு. தெருவில் நடக்கும் ஒவ்வொரு ஆளும் எங்கே போக வேண்டும், யாரைப் பார்த்து விலக வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைப் பிராசஸர் கணக்குப் போடுகிறது. எந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கார்டுக்குக் கொடுப்பதும் அதே பிராசஸர்தான். நீங்கள் முன்னே ஓட ஓட, அடுத்த தெருவின் சுவர்களும் கூரைகளும் டிஸ்க்கிலிருந்து ராமுக்கும், அங்கிருந்து கார்டின் நினைவகத்துக்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சமையல்கட்டில் சோறு வெந்தால்தான் பந்தியில் பரிமாற முடியும். பரிமாற இன்னும் பத்துப் பேரை நிறுத்தினாலும் உலை கொதிக்கும் வேகம் மாறாது. என் புது கார்டு இலையருகே கரண்டியோடு காத்து நின்றது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் என்ற அளக்கும் மென்பொருள்கள் இலவசம். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, ராம், கார்டின் நினைவகம், ஃபிரேம் நேரம் (ஒரு படத்தை வரைய ஆகும் நேரம்) இவ்வளவும் திரையில் தெரியும்படி வையுங்கள். ஆட்டம் திக்குகிற அதே இடத்துக்குப் போய் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். விட்சருக்கு நொவிகிராட், சைபர்பங்க் 2077க்கு டாக்டவுன், பால்டர்ஸ் கேட் 3க்கு மூன்றாம் அங்கத்து நகரம், டிராகன்ஸ் டாக்மா 2க்கு வெர்ன்வர்த். கடைசியாகச் சொன்ன ஆட்டம் 2024 மார்ச்சில் வந்தபோது, நகரத்து மனிதர்களின் கணக்குகள் பிராசஸரை அதிகம் தின்கின்றன என்று அதை உருவாக்கிய காப்காமே சொன்னது. காட்டில் நின்று அளந்தால் இது எதுவும் தெரியாது. யூடியூபில் வரும் ஒப்பீட்டுக் காணொளிகளிலும் ஆட்டத்தின் எந்த இடத்தில் ஓட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். சராசரி ஃபிரேமைவிட 1 சதவீதக் கீழ் அளவுதான் (மிக மெதுவாக வரும் ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) திக்கலைக் காட்டிக்கொடுக்கும்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், அது முழு மூச்சில் உழைக்கிறது. கார்டை மாற்றினால் பலன் உண்டு. நகரத்துக்குள் நுழைந்ததும் 50, 60 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அதற்கு வேலை வந்து சேரவில்லை என்று அர்த்தம். இங்கே பலர் ஏமாறுவது பிராசஸரின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்துத்தான். ‘35 சதவீதம்தானே ஓடுகிறது, பிராசஸர் சும்மாதான் இருக்கிறது’ என்பார்கள். 12 திரெடு (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெடு மூச்சுமுட்டி நின்றாலும் ஆட்டம் முழுவதும் அதற்காகக் காத்திருக்கும், மொத்தக் கணக்கு குறைவாகவே காட்டும். மென்பொருள் ஏதும் போட விருப்பமில்லையென்றால், ரெசல்யூஷனை 1280×720க்கு இறக்கிவிட்டு அதே தெருவில் நடந்து பாருங்கள். எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) ஏறவே இல்லையென்றால் தடை கார்டில் இல்லை. நான் அளந்தபோது சதுக்கத்தில் கார்டின் பயன்பாடு 55 சதவீதம் காட்டியது. கார்டு வாங்குவதற்கு முன்பே இந்த அரை மணி நேர வேலையைச் செய்திருக்க வேண்டும்.

அடுத்து ராம். பலன் அதிகமாக இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும்; பிராசஸருக்குத் தகவல் வந்து சேரும் பாதை பாதியாகிவிடும். அதனால் ஒரு 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி மேல். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் பெரும்பாலான போர்டுகளின் முறை. அருகருகே செருகியதால் ஒற்றைச் சேனலிலேயே வருடக்கணக்கில் ஓடிய கணினிகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்றிருப்பதை இயக்க வேண்டும். 3200 என்று எழுதியிருக்கும் டிடிஆர்4 ராமைச் செருகினால் மட்டும் 3200இல் ஓடாது, 2133 அல்லது 2400 போன்ற வேகத்தில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டிக்கோடு வேறு ஒரு ஸ்டிக்கைச் சேர்ப்பது சில நேரம் சரியாக ஓடும், சில நேரம் காரணமே தெரியாமல் ஆட்டம் நின்றுபோகும். ஜோடியாக விற்பதை வாங்குவதே நிம்மதி. இன்றைய ஆட்டங்களுக்கு 16 ஜிபி அடிப்படை. நிறைய மோடு (ரசிகர்கள் ஆட்டத்துக்குச் செய்யும் கூடுதல் மாற்றங்கள்) போட்டு விளையாடுகிறவர்களுக்கு 32 நல்லது.

ஹார்டு டிஸ்க்கில் திறந்த உலக ஆட்டத்தை வைக்கும் காலம் முடிந்துவிட்டது. சைபர்பங்க் 2023இல் 2.0 அப்டேட்டோடு தன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதியது. அதே வருடம் வந்த ஸ்டார்ஃபீல்டும் எஸ்எஸ்டியைக் கட்டாயமாகக் கேட்டது. வேகமாக வண்டி ஓட்டும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பதற்கும், சுவர்கள் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிவதற்கும் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதற்காக விலை கூடிய ஜென்5 என்விஎம்இ (மிக வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்க வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் மலையளவு. ஜென்3க்கும் ஜென்5க்கும் இடையே ஆட்டம் திறக்கும் நேரத்தில் தெரிவது மிகக் கொஞ்சம். வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: எம்.2 வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. உங்கள் போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும், அதில் போட்டால் எந்த சாட்டா போர்ட் செயலிழக்கும் என்பதெல்லாம் போர்டின் கையேட்டில் இருக்கும்.

பிராசஸர்தான் தடை என்று தெரிந்ததும் உடனே புது போர்டு, புது ராம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்4 (ரைசன் பிராசஸர் உட்காரும் சாக்கெட் வகை) போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். 2018இல் வாங்கிய பி450 போர்டுகள் பலவற்றில், பயாஸை அப்டேட் செய்தால் ரைசன் 5 5600 உட்கார்ந்துவிடும். நான் செய்தது அதுதான். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னொரு படி மேல். அதில் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருக்கிறது, சாதாரண 5800எக்ஸில் 32தான். நகரத்து மனிதர்களின் கணக்கு போல அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தகவலை அடிக்கடி தேடும் வேலைக்கு இந்தக் கேஷ் பெரிய உதவி. ஆனால் பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதைப் போட்ட பிறகு நினைவுக்கு வந்தால் திரையே வராது. இன்டெலில் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை ஒரே சாக்கெட். அதற்கான போர்டுகளில் டிடிஆர்4 எடுப்பவை தனி, டிடிஆர்5 எடுப்பவை தனி. ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

கார்டைத்தான் மாற்ற வேண்டும் என்று அளவு சொல்கிறதா? சரி, அப்போது வேகத்தை மட்டும் பார்க்காமல் நினைவகத்தையும் பாருங்கள். 8 ஜிபி நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சம் ராமுக்கு வழியும், ஆட்டம் விட்டுவிட்டுத் திக்கும். டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரத்தை) ஒரு படி இறக்கினால் அது அடங்கிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகை வரும் கார்டுகளும் உண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ அப்படித்தான். பழைய போர்டுக்குப் புது கார்டு வாங்கும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையே தகவல் போகும் பாதை) எண்ணிக்கையும் கணக்கில் வரும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கே லேன்கள். பி450 போன்ற 3.0 போர்டில் போட்டால் நன்றாகவே வேகம் குறையும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில்) கை வைக்கும்போது மிகவும் கவனம் வேண்டும். 80 பிளஸ் என்ற முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது சான்று ஆகாது. கேபிள் கழற்றி மாட்டும் வகையில், பழைய நிறுவனத்தின் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே செருகாதீர்கள். பிளக் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், டிஸ்க்குகள் கருகிப்போகும். யூபிஎஸ் வைத்திருந்தால் அதன் அளவையும் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆட்டம் உச்சத்தில் ஓடும்போது மின்சாரம் போனால், புது கார்டோடு சேர்ந்து எல்லாமே அணைந்துவிடும். அது நடப்பது ஆட்டம் சேமிக்கும் நொடியாக இருந்தால் அந்த சேவ் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

எல்லாம் பொருத்திய பிறகு இரண்டு நிமிடச் சோதனை: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா? விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் தேர்வாகியிருக்கிறதா, இல்லை 60லேயே நிற்கிறதா?

பணமே செலவழிக்காமல் தீரும் சிக்கல்களும் உண்டு. எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைப்பது தேவையே இல்லாத பாரம். சைபர்பங்கில் கூட்டத்தின் அடர்த்தியை ஒரு படி இறக்கினால் பிராசஸருக்கு மூச்சு வரும். வால்யூமெட்ரிக் மூடுபனியையும் திரைப் பிரதிபலிப்பையும் இறக்கினால் கார்டுக்கு. ரே டிரேசிங் (ஒளி பரவுவதைக் கணக்கிட்டு வரையும் முறை) கார்டை மட்டும் பாதிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், பிராசஸருக்கும் அது பெரிய சுமை. 2022 டிசம்பரில் விட்சர் 3க்கு ரே டிரேசிங்கோடு இலவச அப்டேட் வந்த பிறகு நொவிகிராட் இன்னும் திக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கணினி திணறினால் லாஞ்சரில் ரே டிரேசிங் இல்லாத டைரக்ட்எக்ஸ் 11ஐத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். ஃபிரேம் ஜெனரேஷனை (இடையிடையே செயற்கையாக ஃபிரேம்களைச் சேர்க்கும் வசதியை) இயக்கினால் எண்ணிக்கை ஏறும், ஆனால் அடிப்படை வேகமே 30இல் தள்ளாடினால் கை அழுத்துவதற்கும் வாள் சுழல்வதற்கும் இடையே தாமதம் தெரியும். ஏற்கெனவே 60 அருகில் ஓடும் ஆட்டத்துக்குத்தான் அது பொருந்தும். இன்னொன்று, எல்டன் ரிங் கணினியில் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டாது. அதற்காகவே 144 ஹெர்ட்ஸ் கனவில் கார்டு வாங்க வேண்டாம். 2011இல் வந்த ஸ்கைரிமில் பொருள்கள் விழுவதும் உருள்வதும் ஃபிரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால், 60ஐத் தாண்டினால் மேசைமேல் இருக்கும் தட்டும் கிண்ணமும் தானாகத் துள்ளும்.

கடைசியாக, திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் சேவ் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். போர்டு மாற்றினாலும் பயாஸ் அப்டேட் செய்தாலும் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) உங்களிடம் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்சர் 3 சேவ்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் இருக்கும். சைபர்பங்குடையவை சேவ்டு கேம்ஸ் கோப்புறையில், எல்டன் ரிங்குடையவை ஆப்டேட்டாவுக்குள் ரோமிங்கில். மோடு போட்டவர்கள் ஆட்டத்தின் தானியங்கி அப்டேட்டையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் 4க்கு வந்த அப்டேட், ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை மென்பொருளை நம்பியிருந்த மோடுகளை ஒரே நாளில் முடக்கியது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் புது எஸ்எஸ்டி போட்டதும், சேவ்கள் கிளவுடில் இருக்கும் என்று நம்பிப் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டார். அவர் ஸ்கைரிமை மோடு ஆர்கனைசர் என்ற மென்பொருள் வழியாக, புரொஃபைலுக்குத் தனித்தனி சேவ் என்ற அமைப்போடு ஓட்டியிருந்தார். அப்படி வைத்தால் சேவ்கள் அந்த மென்பொருளின் புரொஃபைல் கோப்புறைக்குள்தான் இருக்கும், கிளவுடுக்கு ஏறாது. இரண்டு வருட விளையாட்டு அதில் இருந்தது.