சிவிலைசேஷன் 6: முதல் நகரங்களைச் சீக்கிரம் பரப்புங்கள்

இந்தக் கணினி வியூக விளையாட்டில் ஒரே நகரத்தை வைத்துக்கொண்டு அதிசயம் (வொண்டர் எனும் பெரிய கட்டடம்) கட்ட உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), அப்புறம் ஒரு வாரியர் (போர்வீரர்), மக்கள்தொகை 2 ஆனதும் செட்லர் (புது நகரம் அமைப்பவர்). ஒவ்வொரு செட்லருக்கும் நகரத்தில் ஓர் ஆள் குறையும், அடுத்த செட்லரின் விலையும் ஏறிக்கொண்டே போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. 'எர்லி எம்பயர்' என்ற சிவிக்கை (பண்பாட்டு ஆய்வை) முடித்து 'காலனைசேஷன்' கொள்கைக் கார்டைப் போட்டால் செட்லருக்கான உற்பத்தி 50 சதவீதம் கூடும், நல்ல கார்டு.

இடம் பார்க்கும்போது தண்ணீர்தான் முக்கியம்: ஆறு, ஏரி ஓரம் என்றால் ஹவுசிங் (எவ்வளவு மக்களுக்கு இடம் உண்டு என்ற அளவு) 5, கடலோரம் மட்டும் என்றால் 3, எதுவும் இல்லையென்றால் வெறும் 2. ஆற்றோரம் சமவெளிக் குன்று கிடைத்தால் யோசிக்காமல் அங்கேயே உட்காருங்கள், நகர மையமே 2 உற்பத்தி தரும்.

காட்டுமிராண்டி ஸ்கவுட் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பிவிட்டால் அடுத்து படையே வரும், அதனால் திரும்பும் முன்பே அதை முடித்துவிடுங்கள். செட்லரைத் துணையில்லாமல் அனுப்பாதீர்கள், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.