பெட்ரோல் விலையோடு மல்லுக்கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். இரண்டு டெலிவரி வேன் வைத்து ஓட்டுகிறார். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து சரியான தூக்கம் இல்லை, வேன்களைக் கேஸில் ஓட வைக்கும் கிட் பொருத்தலாம் என்று இருக்கிறேன் என்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசை மேல் விரித்தார். இடது பக்கம் பெட்ரோல் விலை, வலது பக்கம் கேஸ் விலை, கீழே ஒரு கழித்தல், விடைக்கு அடியில் இரண்டு கோடு. "ஒன்பது மாசத்துல போட்ட காசு திரும்பிடும்ணே" என்றார்.

அதே தாளை நானும் எழுதியிருக்கிறேன். 2013-ல் என்னிடம் நான்கு வேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த விடையும் ஏறக்குறைய ஒன்பது மாதம்தான். அந்த விடையை நம்பி நான் இழந்ததை இவரும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டயரில் காற்று, ஏர் ஃபில்டர், நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விடுவது போன்றவை வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு நாள் பெட்ரோல் போடாமல் இருப்பது

விலை ஏறும்போதெல்லாம் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். இன்ன தேதியில் யாரும் பெட்ரோல் போடாதீர்கள், கம்பெனிகள் தானாக வழிக்கு வரும் என்று. 1999 ஏப்ரல் 30-க்கு அமெரிக்காவில் இப்படி ஓர் அழைப்பு மின்னஞ்சலில் பரவியது. அதற்குப் பிறகு தேதி மட்டும் மாறி அதே செய்தி எத்தனையோ முறை வந்துவிட்டது.

நானும் ஒருமுறை கலந்துகொண்டேன். முந்தைய நாள் இரவு பங்கில் நின்ற வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது. நாளை போடக் கூடாது என்பதற்காக எல்லோரும் இன்றே டேங்கை நிரப்ப வந்திருந்தோம். மறுநாள் வண்டிகள் வழக்கம்போல ஓடின. எரிந்த பெட்ரோலில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. நிரப்பிய நாள்தான் மாறியது. பங்கின் தொட்டிக்கு வரும் லாரி ஒரு நாள் முன்பின்னாக வந்திருக்கும், அவ்வளவுதான்.

எரிப்பது குறைந்தால் விலை இறங்கும். அதற்கு நம் கண்ணெதிரே நடந்த சாட்சி 2020. உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்த அந்த ஏப்ரலில், 20-ஆம் தேதி, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் எடுத்துக்கொள்ளும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை) நாள் முடிவில் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலராக இருந்தது. சேமித்து வைக்க இடம் தீர்ந்துகொண்டிருந்ததால், எண்ணெயை எடுத்துக்கொள்ளக் காசு கொடுக்க வேண்டிய நிலை. ஆனால் அதே மாதமே எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும் நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்க ஒப்புக்கொண்டன. நாம் குறைத்தால் எதிர்ப்பக்கமும் குழாயை மூடும். இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நின்று நிலைத்த உதாரணம் இன்னும் பழையது. 1973-லும் 1979-லும் எண்ணெய் விலை எகிறிய பிறகு மக்கள் சிறிய கார்களுக்கு மாறினார்கள். எண்ணெய் எரித்த மின் நிலையங்கள் நிலக்கரிக்கும் அணுசக்திக்கும் போயின. பல ஆண்டுகள் நுகர்வு குறைந்து, புதிய எண்ணெய் வயல்களும் உற்பத்திக்கு வந்து, கடைசியில் 1986-ல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. இதற்கெல்லாம் ஆண்டுகள் பிடித்தன. ஒரு வியாழக்கிழமை பங்குக்குப் போகாமல் இருந்து வாங்கிவிட முடியாத பலன் அது.

ஒரே ஒரு கம்பெனியைப் புறக்கணிப்பது

பங்கின் மேல் இருக்கும் பெயர்ப்பலகைதான் வேறு. உள்ளே இருக்கும் பெட்ரோல் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பொதுவான குழாயிலும் கிடங்கிலும் வந்தது. கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்கின்றன. ஒரு பெயரை எல்லோரும் ஒதுக்கினால் மற்ற பங்குகளில் கூட்டம் ஏறும். அந்தப் பங்குகளுக்குச் சரக்கு பற்றாது. ஒதுக்கப்பட்ட கம்பெனியிடம் தேங்கியதையே அவர்கள் வாங்கி நமக்கு ஊற்றுவார்கள். நடுவில் அடிபடுவது, லிட்டருக்குச் சொற்பக் கமிஷனில் பங்கு நடத்தும் மனிதர்.

புறக்கணிப்புக்குப் பலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1995-ல் பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்க ஷெல் எண்ணெய்க் கம்பெனி திட்டமிட்டபோது, ஜெர்மனியில் மக்கள் ஷெல் பங்குகளை ஒதுக்கினார்கள். அந்த ஜூன் மாதமே கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. அங்கே கேட்டது, ஒரு கம்பெனி தானாக எடுக்கக்கூடிய ஒரு முடிவு. கச்சா எண்ணெயின் உலக விலை எந்த ஒரு கம்பெனியின் கையிலும் இல்லை.

லிட்டர் விலையை வைத்துக் கணக்குப் போடுவது

அந்தத் தம்பியின் தாளுக்கு வருகிறேன். எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். மற்ற தவறுகளில் ஒரு நாளோ ஒரு டேங்கோ போகும். இதில் முதலே போகும்.

2013-ல் நான் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். எந்த ஊர்ப் பணத்துக்கும் பொருந்துவதற்காகப் பெட்ரோல் லிட்டர் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அப்போது எல்பிஜி, அதாவது வண்டிக்குப் போடும் அந்தக் கேஸ், லிட்டர் 65. வித்தியாசம் 35. ஒரு வேன் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் மைலேஜ், ஆக மாதம் 150 லிட்டர். அதில் 35 சதவீதம் மிச்சம் என்றால் 52 லிட்டருக்கு மேல் வருகிறது. கேஸ் கிட் பொருத்த ஆன செலவு 500 லிட்டர் பெட்ரோலின் விலை. 500-ஐ 52-ஆல் வகுத்தேன். ஒன்பதரை மாதம். அன்றைக்கே நான்கு வண்டிக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

முதல் ஓட்டை மைலேஜில். ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். என் வேன்கள் கேஸில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தன. இப்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெட்ரோலில் 10. கேஸில் 65-ஐ 8-ஆல் வகுத்தால் 8.1. தாளில் 35 சதவீதமாக இருந்த மிச்சம் சாலையில் 19 சதவீதத்துக்குள் சுருங்கிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலில்தான் கிளம்பும், சூடான பிறகே கேஸுக்கு மாறும். டெலிவரி வண்டிக்குச் சின்னச் சின்ன ஓட்டம்தான் அதிகம். பத்தில் ஒரு பங்கு தூரம் பெட்ரோலிலேயே போனது. எல்லாம் கழித்தால் மாதம் 25 லிட்டர் விலைதான் கையில் மிஞ்சியது. ஒன்பதரை மாதம் இருபது மாதமாகிவிட்டது.

சரி, இருபது மாதம் பொறுப்போம் என்றுதான் இருந்தேன். பதினான்காவது மாதத்தில் பெட்ரோல் விலை விழ ஆரம்பித்தது. 2014 ஜூனில் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட் கச்சா எண்ணெய் (உலகச் சந்தையில் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் வகை), 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே வந்துவிட்டது. ஊரெல்லாம் கொண்டாடியது. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 100 ஆக இருந்த பெட்ரோல் 80-க்கு வந்தபோது கேஸ் 65-லிருந்து 62-க்குத்தான் இறங்கியிருந்தது. 62-ஐ 8-ஆல் வகுத்தால் 7.75. பெட்ரோல் 8. வித்தியாசம் கால் காசு. கிட்டுக்குப் போட்டதில் இன்னும் 150 லிட்டர் விலை திரும்ப வேண்டியிருந்தது. அது திரும்பவே இல்லை. கேஸ் வறண்ட எரிபொருள் என்பதால் இன்ஜினில் வால்வு வந்து உட்காரும் மென்மையான வால்வு சீட்டுகள் சீக்கிரம் தேயும். ஒரு வண்டியில் இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. விற்கும்போது கிட்டுக்கென்று யாரும் ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை.

பொருத்திக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன இரண்டு விலைகளும் சரி. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றைய விலை வித்தியாசம் இரண்டு வருடம் அப்படியே நிற்கும் என்று நானாகவே எழுதிக்கொண்டேன். பெட்ரோல் உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோரும் கிட் பொருத்த ஓடுகிறோம். அந்த நேரத்தில்தான் வித்தியாசம் மிகப் பெரியதாகத் தெரியும், கிட்டின் விலையும் ஏறியிருக்கும்.

கேஸே கூடாது என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுவதும் இன்ஜின் ஆறாமல் ஓடும் டாக்சிக்கு அது நன்றாகவே கட்டுப்படியாகும். அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவான சிஎன்ஜியும் அப்படித்தான். ஆனால் அது கிலோ கணக்கில் விற்கிறது. ஒரு கிலோவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருப்பதால், லிட்டர் விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு எதிர்ப்பக்கமாகத் தவறும். எந்த எரிபொருளாக இருந்தாலும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பிறகு பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று அதே கணக்கை மறுபடி போடுங்கள். இரண்டாவது விடையும் தாங்கினால் முன்பணம் கொடுங்கள்.

எனக்குக் கடைசியில் உதவியது வேறொன்று. ஒரே தெருவுக்கு இரண்டு வேன்கள் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து வழித்தடங்களைச் சேர்த்தேன். வண்டிக்கு 1,500 கிலோமீட்டர் 1,240 ஆனது. 17 சதவீதம். நான்கு கிட்டுகள் தந்த மிச்சமும் ஏறக்குறைய அதுதான், இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதுமாக இருந்தது.

எத்தனாலை ஊற்றிப் பார்ப்பது

எத்தனால் என்பது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுத்துப் பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால். அதன் ஆற்றல் லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. பத்து சதவீதக் கலப்பில் மைலேஜ் இழப்பு 3 சதவீத அளவில்தான் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 85 சதவீதக் கலப்பில் கால் பங்கு வரை போகலாம். பிரேசிலில் ஓட்டுநர்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல். அவர்கள் ஓட்டுவது இரண்டையும் எந்த விகிதத்திலும் எரிக்கக்கூடிய ஃபிளெக்ஸ் வண்டிகள். 2003 முதல் அங்கே விற்பனையில் இருக்கின்றன.

உங்கள் வண்டி அப்படிச் செய்யப்பட்டதா என்று பார்க்காமல் அதிகக் கலப்பை ஊற்றாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் ஊதிப்போகும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிட, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அது ஈரத்தையும் இழுக்கும். பத்து சதவீதக் கலப்பில் அரை சதவீத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃபியூவல் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால் நடுவில் கோடு போட்டதுபோல இரண்டு அடுக்கு தெரியும்.

விலைக்கும் உத்தரவாதம் கிடையாது. பிரேசில் 1975-ல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. பத்தே வருடத்தில் அங்கே விற்ற புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை எத்தனாலில் மட்டும் ஓடுபவை. 1986-ல் எண்ணெய் விலை விழுந்தது, பிறகு சர்க்கரை விலை ஏறியது. ஆலைகளுக்குச் சர்க்கரையே லாபமாக இருந்தது. 1989-ஐ ஒட்டி எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்து, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பங்குகளில் காத்துக்கிடந்தார்கள். அமெரிக்காவில் மக்காச்சோள விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. அவ்வளவு போயும் அது நிரப்புவது பெட்ரோல் டேங்கில் பத்தில் ஒரு பங்கைத்தான்.

தண்ணீரில் ஓட வைக்கும் கிட்

வேண்டாம். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்க ஆகும் ஆற்றல், பிரிந்ததை எரித்துக் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம். அந்த ஆற்றலும் உங்கள் பெட்ரோலிலிருந்துதான் வர வேண்டும்.

பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றுவது

பெட்ரோல் வண்டியில் கூடவே கூடாது. டீசல் வண்டியிலும் பயோடீசலாக மாற்றாமல் ஊற்றாதீர்கள்.

விலை ஏறிய வாரத்தில் மின்சார வண்டி வாங்குவது

மின்சார வண்டி பெட்ரோலுக்கு உண்மையான மாற்று. பெட்ரோல் இன்ஜின் தான் எரிப்பதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவும் உராய்வாகவும் விட்டுவிடுகிறது, மின் மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனால் வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் விலையை ஓடும் தூரம்தான் திருப்பித் தர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வெளியே எடுக்கும் வண்டியை மாற்றி, தினமும் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியைப் பெட்ரோலிலேயே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிகம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். வீட்டிலோ ஷெட்டிலோ சார்ஜ் செய்ய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொது இடத்து வேக சார்ஜரையே நம்பினால் மிச்சத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும்.

அளக்காமல் ஆரம்பிப்பது

தம்பியிடம் கிட் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். டேங்கை விளிம்பு வரை நிரப்பி ஓடோமீட்டரை எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம் என்றேன்.

மூன்று வாரம் கழித்து நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டிகள். ஒன்று 10.6, மற்றது 9.1. இரண்டாவது வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன். சுற்றவில்லை. பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்துவிட்டார். கிட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை, நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.