ஹாப்ஸ் பத்தவில்லை என்று நினைப்பவர்களுக்கு

பியர் காய்ச்சப் பழகிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர், போன வாரம் தன் டபுள் ஐபிஏ பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் தூக்கலான பியர்; டபுள் என்றால் அதிலேயே ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடியது. டம்ளரில் ஊற்றியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பியர், பழைய செய்தித்தாள் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. முகர்ந்தால் முதலில் தேன் மாதிரி ஒரு வாடை, அதற்குப் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி.

“ஹாப்ஸ் பத்தலை போல. அடுத்த தடவை இன்னும் 100 கிராம் கூட்டட்டுமா அண்ணே?” என்றார்.

நான் கத்துக்குட்டியாக இருந்தபோது கேட்ட அதே கேள்வி. கூட்டியும் பார்த்தேன். கூடுதல் ஹாப்ஸும் அதே அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

பாத்திரத்தைக் கழுவு, கிருமிநீக்கம் செய், பொங்கவிடாதே என்பதையெல்லாம் எல்லோரும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். 8 சதவீத ஆல்கஹாலும் தூக்கலான ஹாப்ஸ் மணமும் உள்ள ஐபிஏ-வில் ஆட்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கணக்கெல்லாம் 20 லிட்டருக்கு.

ஒரே ஒரு ஈஸ்ட் பாக்கெட்

11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் சாதாரண பியருக்குப் போதும். தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் கரைந்திருக்கும் சர்க்கரையைக் காட்டும் எண், வெறும் தண்ணீருக்கு 1.000) 1.075 என்றால் இரண்டு போடுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் ஈஸ்ட் பாதி வழியில் களைத்துப்போகும். பியர் தித்திப்பாகவே நின்றுவிடும்.

விலை உயர்ந்த ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விடுவது

கொதிக்கக் கொதிக்க ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பு ஏறும். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். சிட்ரா மாதிரி மணத்துக்கான ஹாப்ஸ் ரகத்தை 60 நிமிடம் கொதிக்க வைத்தால் சமையலறை மணக்கும், பியர் மணக்காது. கசப்புக்கு மேக்னம் மாதிரி அமிலம் அதிகமுள்ள ஒன்றை முதலில் போட்டுவிட்டு, சிட்ரா, மொசைக், சிம்கோ எல்லாவற்றையும் கடைசிக்கு வையுங்கள். அடுப்பை அணைத்து, வோர்ட் (முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து எடுத்த, இன்னும் நொதிக்காத சாறு) 80 டிகிரிக்குக் கீழே வந்ததும் கொட்டி 20 நிமிடம் ஊறவிட்டால், கசப்பு பெரிதாக ஏறாமல் மணம் மட்டும் இறங்கும்.

கேரமல் மால்ட்

மொத்த மால்ட்டில் இது 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஐபிஏ பாகு மாதிரி இருக்கக் கூடாது.

குழாய்த் தண்ணீர்

குளோரின் இருந்தால் பியரில் மருந்து பிளாஸ்திரி வாடை வரும். குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் சின்னத் துண்டு போதும், நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

நொதித்த பிறகு காற்றை உள்ளே விடுவது

இப்போதும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். எரிச்சல் முதலில் என் மேலேயேதான்.

என் மூன்றாவது டபுள் ஐபிஏ. மொத்தம் 250 கிராம் ஹாப்ஸ் போட்டிருந்தேன். பாட்டிலில் அடைக்கிற அன்று, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் குழாயில் எடுத்த மாதிரியைக் குடித்துப் பார்த்தேன். அதுவரை நான் காய்ச்சியதிலேயே நல்ல பியர் அதுதான் என்று நினைத்தேன். அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஃபெர்மென்ட்டரை, அதாவது நொதிக்கும் கலனை, மேசை மேல் வைத்தேன், தரையில் ஒரு வாளியை வைத்தேன், குழாயைத் திறந்துவிட்டேன். பியர் சலசலவென்று நுரைத்துக்கொண்டு விழுந்தது. அதில் வாயு ஏறுவதற்கான சர்க்கரைப் பாகை ஊற்றி, நன்றாகக் கலக்க வேண்டுமே என்று நீளக் கரண்டியால் கலக்கு கலக்கென்று கலக்கினேன். இருபதாவது நாள் நண்பர்களைக் கூப்பிட்டு, பெருமையாகத் திறந்தேன். அட்டைப்பெட்டி. ஒரு நண்பர் மட்டும் “மால்ட் நல்லா இருக்கு” என்றார், பாவம், நல்ல மனசு.

இதில் புதியவர்களைக் குழப்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட் போடுகிற அன்று வோர்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை. ஈஸ்ட் பெருக அது வேண்டும், அதனால்தான் ஃபெர்மென்ட்டரைக் குலுக்கச் சொல்கிறார்கள். இந்த அளவு அடர்த்திக்குப் பத்து லட்சத்தில் 8 முதல் 10 பங்கு வரை ஆக்சிஜன் வேண்டும். நொதித்தல் முடிந்த பிறகோ கணக்கு அப்படியே தலைகீழ். தொழில்முறைப் பியர்க்காரர்கள் அடைக்கிறபோது 100 கோடியில் 100 பங்குக்கும் கீழே வைக்கப் பார்ப்பார்கள். அதாவது, முதல் நாள் விரும்பிக் கொடுத்த அளவில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குக்கு மேல் இப்போது அனுமதிப்பதில்லை. குலுக்கச் சொன்ன அதே கைதான் இப்போது அசைக்காமல் இருக்க வேண்டும்.

எல்லாப் பியரும் காற்றில் கெடும், ஆனால் ஐபிஏ சீக்கிரம் கெடும். நாம் விரும்பிச் சேர்க்கிற ஹாப்ஸ் எண்ணெய்களும் பாலிஃபீனால்களும்தான் ஆக்சிஜனோடு முதலில் வினை புரிகிறவை. அதனால்தான் முதலில் மணம் போகிறது, கூடவே நிறம் கறுக்கிறது, அட்டை வாடை பின்னால் வருகிறது. மணம் குறைந்ததைப் பார்த்து ‘ஹாப்ஸ் பத்தலை’ என்கிறோம். ஹாப்ஸ் இருந்தது, காற்று தின்றுவிட்டது.

காற்று நுழைகிற வாசல்கள் மூன்று.

முதலாவது, ட்ரை ஹாப் (கொதிக்க வைக்காமல் ஃபெர்மென்ட்டரிலேயே போடும் ஹாப்ஸ்) போட மூடியைத் திறக்கும் நேரம். நொதித்தல் முழுதாக முடிந்த பிறகு போடாதீர்கள். 1.012-இல் முடியும் என்று எதிர்பார்த்தால் 1.016-இலேயே போட்டுவிடுங்கள். ஈஸ்ட் இன்னும் வேலையில் இருப்பதால் உள்ளே வந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்; வெளிவரும் கரியமிலவாயு மிச்சத்தைத் தள்ளும். மூடியை ஒரே ஒரு தடவை திறங்கள். உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுப்பதெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது வாசலை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய குளிகை) துகள்கள் அடியில் படியட்டும் என்று ஃபெர்மென்ட்டரைக் குளிர்ப்பெட்டியில் 2 டிகிரியில் வைப்போமே, அது. ஒரு நாள் ஏதோ எடுக்கக் கதவைத் திறந்தபோது பார்க்கிறேன், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றைத் தடுக்கும் நீர்ப்பூட்டு) நீர் மட்டம் வழக்கத்துக்கு மாறான பக்கம் ஏறி நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழ் உள்நோக்கிப் போனது. குளிரக் குளிர மேலே இருக்கிற வாயு சுருங்குகிறது, கரியமிலவாயு இன்னும் கொஞ்சம் பியரில் கரைகிறது. அந்தக் குறையை நிரப்ப வெளிக்காற்று நீரைத் தாண்டி உள்ளே வருகிறது. ஏர்லாக் காவல் காப்பதாக நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்! நொதிக்கும்போதே வரும் வாயுவை ஒரு பலூனில் பிடித்து, குளிரும்போது அதையே திரும்ப உறிஞ்ச விடலாம். அது முடியாவிட்டால் குளிர்விக்கவே வேண்டாம். கொஞ்சம் கலங்கலாக இருந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

மூன்றாவது, நான் வாளியில் செய்த கூத்து. வாளியை விட்டொழியுங்கள். லிட்டருக்கு 6 கிராம் கணக்கில் சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் முன்பே போட்டுவிட்டு, அடிவரை எட்டும் நிரப்புக்குழாயை ஃபெர்மென்ட்டரின் குழாயிலேயே மாட்டி, பாட்டிலின் அடியிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். கழுத்தில் இரண்டு விரல்கடை காலி இடம் போதும். நுரை வாய்வரை வரும்போது அதன் மேலேயே மூடியை அழுத்தி அடையுங்கள். கெக் (பியர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) வைத்திருப்பவர்கள் அதைக் கிருமிநீக்கி நீரால் தளும்ப நிரப்பி, கரியமிலவாயு கொண்டு அத்தனையையும் வெளியே தள்ளிவிட்டுப் பியரை மூடிய குழாய் வழியாக ஏற்றுங்கள். வெறும் கெக்கில் மேலாக இரண்டு தடவை வாயு அடித்தால் காற்று முழுதாகப் போய்விடாது.

நம்பிக்கை வராவிட்டால் அடுத்த முறை ஒரே ஒரு பாட்டிலை மட்டும் முக்கால் அளவு நிரப்பி மூடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதையும் நிறைந்த பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். நிறமே சொல்லிவிடும், குடிக்கக்கூட வேண்டாம். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

முதல் மூன்று நாள் சூடு

அறையில் 22 டிகிரி என்றால் ஃபெர்மென்ட்டருக்குள் அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும், நொதித்தலே சூடு தரும் வேலை. வெப்பமானியை ஃபெர்மென்ட்டரின் பக்கவாட்டில் ஒட்டி, 18 முதல் 20-க்குள் வையுங்கள். தாண்டினால் தின்னர் மாதிரி நெடியும் தொண்டையில் எரிச்சலும் வரும். வைத்திருந்து குடித்தாலும் அது போகாது.

குமிழ் நின்றதும் பாட்டிலில் அடைப்பது

ஏர்லாக் குமிழ் எதற்கும் சாட்சி இல்லை. அதிலும் நிறைய ட்ரை ஹாப் போட்ட பியர், முடிந்த மாதிரி நடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், ஈஸ்ட் தொட முடியாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைத்துத் தருகின்றன. ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. அது பாட்டிலுக்குள் நடந்தால் பாட்டில் வெடிக்கும். என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் கண்ணாடித் துண்டு கிழித்த கீறல் இன்னும் இருக்கிறது. ஹாப்ஸ் போட்ட பிறகு உடனே குளிர்விக்காமல் 18 டிகிரிக்கு மேலேயே வைத்து, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஹைட்ரோமீட்டரில் ஒரே எண் வந்தால்தான் அடைக்க வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டர்

ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி. ஆல்கஹால் வந்த பிறகு அது அப்படியே காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

‘ஐபிஏ நாள்பட நிற்கும்’ என்று சேர்த்துவைப்பது

கப்பலில் மாதக்கணக்காக இந்தியா வரை தாங்கிய பியர்தானே என்று கேட்பார்கள். அது வேறு பியர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஹாட்ஜ்சனின் பியர்சாலையிலிருந்து கப்பலேறியதற்கு, புளிக்காமல் போய்ச் சேர்வதே பெரிய காரியம். ஹாப்ஸ் அங்கே பாதுகாப்புக்கு. நாம் காய்ச்சுவது 1972-இல் வெளியான காஸ்கேட் ஹாப்ஸுக்குப் பிறகு அமெரிக்காவில் வளர்ந்த பழ மணப் பியர். டபுள் ஐபிஏ-வின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1994-இல் வின்னி சிலூர்சோ பிளைண்ட் பிக் என்ற அமெரிக்கப் பியர்சாலையில் காய்ச்சியதை. இந்தப் பியரில் மணம்தான் சரக்கு. வாயு ஏறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆறு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

மிச்ச ஹாப்ஸ் பெல்லட்டுகளையும் காற்றில்லாமல் உறையிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறையைத் திறந்ததும் பாலாடைக்கட்டி வாடை அடித்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.