பாடிப் பாருங்கள், வேகம் தெரியும்

வீட்டில் பாட்டுப் போட்டு ஏரோபிக் நடனம் ஆடத் தொடங்கும் பெண்கள், நாடித் துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆடிக்கொண்டே அந்தப் பாட்டில் இரண்டு வரி பாடிப் பாருங்கள். சுகமாகப் பாட முடிந்தால் வேகம் போதாது. கைகளைத் தோளுக்கு மேலே வீசி ஆடுங்கள். பாட வராமல் பேச மட்டும் முடிந்தால் அதுதான் சரியான அளவு. நாலு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் குதிப்பதை விட்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி வையுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை.

உழைப்பு கூடக் கூட மூச்சு வேகமாகிறது. நீண்ட அடியைப் பாடத் தேவையான மூச்சை அடக்கி வைக்க முடியாமல் போகிறது. நெடுநாள் அசையாமல் இருந்த உடம்புக்கு மெதுவான ஆட்டமே கடினம்தான், அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மிதமான உடற்பயிற்சி ஏறக்குறைய, பேச முடிந்தும் பாட வராத இந்த அளவுதான்.

ஆஸ்துமா, சளி, மூக்கடைப்பு இருக்கும்போது இதை நம்ப வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆடவும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ, பாட முடிந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.