ட்ரில்லும் லேத்தும் போதும்: சிபியுவுக்கு ஒரு வாட்டர் பிளாக் செய்வோம்

வாட்டர் கூலிங்குக்கு வேண்டிய பம்ப், ரேடியேட்டர், டியூப் எல்லாம் கடையில் கிடைக்கும். பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கை மட்டும் நாமே செய்து பார்ப்போம். சிஎன்சி மெஷின் வேண்டாம். ஸ்டாண்டில் மாட்டிய ட்ரில் மெஷின் ஒன்று, பக்கத்தில் ஒரு லேத் பட்டறை, இரண்டு நாள் பொறுமை. அவ்வளவுதான்.

முதல் முறை செய்கிறவர்கள் தாமிரத்துக்குள் எத்தனை நெளிவு போடலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் தண்ணீர் ஒழுகுவது மூடியில். அதனால் மூடியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி தாமிரத்தைக் குடைவோம்.

1. பொருள்

அடிப்பாகத்துக்கு 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள தாமிர பஸ் பார். மின்சார பேனல்களில் போடுவது. கிட்டத்தட்ட சுத்தத் தாமிரம். காயலான் கடையில் எடை போட்டு வாங்கலாம். 60 மி.மீ. நீளம் அறுத்தால் சதுரம் ரெடி. மூடிக்கு அதே அளவில் 15 மி.மீ. தடிமன் அக்ரிலிக்.

அலுமினியம் மலிவுதான், ஆனால் வேண்டாம். ஒரே தண்ணீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். பழைய ரெடிமேட் கூலரின் ரேடியேட்டரைக் கழற்றி மாட்ட நினைத்தால் கவனம்: அவை பெரும்பாலும் அலுமினியம்.

2. மூடி

தண்ணீரை அடைக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்கார ஒரு காடி, அதாவது குறுகிய பள்ளம், வேண்டும். லேத்தில் அது வட்டமாகத்தான் வரும். சரி, வட்டமாகவே வைத்துக்கொள்வோம். அக்ரிலிக்கின் அடியில் உள்விட்டம் 48 மி.மீ., அகலம் 2.6, ஆழம் 1.5 என்று காடி போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் 2 மி.மீ. தடிமன் ஓ-ரிங் உட்காரும். அரை மி.மீ. வெளியே துருத்தி நிற்கும் அல்லவா, ஸ்க்ரூ முறுக்கும்போது நசுங்கி அடைப்பது அதுதான்.

மேலே மூன்று துளைகள்: நடுவில் தண்ணீர் நுழைய ஒன்று, தாமிரத்தில் குடையப்போகும் வழியின் எதிரெதிர் மூலைகளில் வெளியேற இரண்டு. 11.8 மி.மீ. பிட்டால் 9 மி.மீ. ஆழம் மட்டும் போட்டு, மீதியை 5 மி.மீ. பிட்டால் அடிவரை துளைக்கவும். பிறகு கால் இஞ்ச் பிஎஸ்பி (குழாய் மரை அளவு) டேப்பால், அதாவது மரை வெட்டும் கருவியால், மரை போடவும். நேர் மரையாக இருக்க வேண்டும். பிளம்பிங் கடையின் கூம்பு மரை இறுக இறுக அக்ரிலிக்கைப் பிளந்துவிடும்.

என் முதல் மூடியை மரை போட்ட கையோடு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் பளபளவென்று துடைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் மரையைச் சுற்றி முடி போன்ற விரிசல்கள். வெட்டிய அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது. சோப்புத் தண்ணீரே போதும்.

3. தாமிரத்தில் வழி குடைதல்

காகிதத்தில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு துளை வரைந்து நடுவில் ஒட்டுங்கள். வரிசைகளுக்கு நடுவே 7 மி.மீ., வரிசைக்குள் துளைக்குத் துளை 5.5 மி.மீ. சென்டர் பஞ்சால் ஒவ்வொன்றாகத் தட்டிக் குறியிட்டு, 5 மி.மீ. பிட்டால் 7 மி.மீ. ஆழம் துளைக்கவும். பிட்டின் நுனியிலிருந்து அளந்தால் அடியில் 3 மி.மீ. தாமிரம் மிஞ்சும்.

தாமிரம் பிசுபிசுவென்று பிட்டைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, குத்திக் குத்தி எடுக்கவும். கட்டையை வைஸில் கட்டாமல் கையில் பிடிக்கவே கூடாது.

துளைகளுக்கு இடையே அரை மி.மீ. சுவர் நிற்கும். சின்ன உளியால் தட்டி எடுத்தால் வரிசை ஒரே ஓடையாகும். நடு வரிசையின் மையத்தில் இறங்கும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேல் வரிசைகளிலும் மற்றொன்று கீழ் வரிசைகளிலும் வளைந்து போய் மூலைத் துளைகளில் ஏற வேண்டும். அதற்கேற்ற முனைகளில் மட்டும் வரிசைகளை இணைக்கவும். சுவர் கரடுமுரடாக இருக்கிறதே என்று ராவ வேண்டாம். அதில் தண்ணீர் கலங்கி ஓடுவது நமக்கு லாபம்.

பாதை இன்னும் நீளமாக இருந்திருக்கலாமோ என்று தோன்றும். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 100 வாட் வெப்பம் தண்ணீரை ஏற்றுவது 1.4 டிகிரிதான். நீளம் கூட்டினால் ஓட்டம்தான் குறையும்.

அப்புறம் மூடியை முறுக்க நான்கு மூலையிலும் எம்4, அதாவது 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கான மரை (3.3 மி.மீ. பிட்).

4. அடியைச் சமப்படுத்துதல்

கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து 220, 400, 800 என்று தேய்க்கவும். நடுநடுவே அடியில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மை எங்கே அழியாமல் இருக்கிறதோ அங்கே பள்ளம். கோடு முழுக்க ஒரே நேரத்தில் மறைந்தால் போதும். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை, மிச்சத்தைப் பிராசஸருக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

5. பிடிப்பு

மதர்போர்டில் துளை இடைவெளி இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 78 × 78 மி.மீ., ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 90 × 54. அதற்கேற்ப எக்ஸ் வடிவத்தில் 3 மி.மீ. தகடு ஒன்று மூடிக்கு மேலே. இது தண்ணீரில் படாது, அலுமினியம் பரவாயில்லை. முன்னதாக 60 மி.மீ. அட்டைத் துண்டைச் சாக்கெட் மேல் வைத்து எதிலும் இடிக்கிறதா என்று பாருங்கள்.

6. ஒழுகல் சோதனை

ஓ-ரிங்கில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவும். வெளியேறும் இரண்டு டியூபையும் ஒய் கனெக்டரில் சேர்த்து, பம்ப், ஒரு வாளி, டிஸ்டில்டு வாட்டர் வைத்து கம்ப்யூட்டருக்கு வெளியே ஓட விடுங்கள். பிளாக்கின் கீழே டிஷ்யூ பேப்பர். 24 மணி நேரம் கழித்து டிஷ்யூ மொடமொடப்பாக இருந்தால் போர்டில் மாட்டலாம். ஓரத்தில் ஒரு நனைந்த வட்டம் தெரிந்தாலும் ஸ்க்ரூவை மேலும் முறுக்காதீர்கள். கழற்றி, காடியில் தாமிரத் தூள் கிடக்கிறதா என்று பாருங்கள்.